பல்பண்பாட்டுக் கல்வி: இணையத்தில் உருப்படியான வளங்களைத் தேடி எடுப்பது எப்படி?

வகுப்பிலுள்ள பல பண்பாடுகளையும் மதித்துக் கற்பிப்பதே பல்பண்பாட்டுக் கல்வி. அதற்கான பாடப்பொருள் தேடி இணையத்தில் ‘மல்ட்டிகல்ச்சுரல் எஜுகேஷன்’ என்று தட்டினால் பக்கம் பக்கமாக வந்து கொட்டும். ஆனால் நாளைக் காலை வகுப்புக்குக் கையில் எடுத்துப்போக ஒன்றும் தேறாது. முதல் பக்கத்தில் வருபவை பெரும்பாலும் வரையறைக் கட்டுரைகள், பயிற்சி விற்கும் நிறுவனங்கள், அவற்றைப் பார்த்து எழுதிய பதிவுகள். நல்ல சரக்கு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. அதை எடுக்கச் சரியான சொல்லும் சரியான வாசலும் தெரிந்தால் போதும்.

தேவையானவை: ஓர் உலாவி, ஒரு விரிதாள், இரண்டு மணி நேரம். முதல் முறை எட்டுப் பத்து வளங்கள் கிடைத்தாலே அது நல்ல வேட்டை. ஐம்பது இணைப்புகளைச் சேர்த்து வைப்பவர்கள் அவற்றில் ஐந்தைக்கூடத் திறந்து பார்ப்பதில்லை.

கீழே சொல்லும் ஆங்கிலத் தேடுசொற்களையும் கட்டளைகளையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். வாசிக்க வசதியாக இங்கே தமிழில் தருகிறோம்.

படி 1: கேள்வியை ஒரு வரிக்குள் அடக்குங்கள்

‘பன்முகத்தன்மை பற்றி ஏதாவது’ என்பது கேள்வி அல்ல. யாருக்கு, எந்த வயது, எந்தப் பாடம், எவ்வளவு நேரம், எந்த வடிவம் ஆகிய ஐந்தும் அந்த வரியில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக: ‘9 வயதுக் குழந்தைகள், வகுப்பில் சிலருக்கு வீட்டுமொழி வேறு, கதை வாசிப்பு, 40 நிமிடம், அச்செடுக்கக்கூடியது.’ இதை விரிதாளின் உச்சியில் எழுதி வையுங்கள். தேடும்போது வழிதவறிப் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். வரி கண்ணெதிரே இருந்தால் திரும்பி வர முடியும்.

படி 2: சொற்பட்டியல் (பாதி வேலை இங்கேதான்)

இந்தத் துறையில் ஒரே எண்ணத்துக்கு ஊருக்கு ஒரு பெயர், காலத்துக்கு ஒரு பெயர். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் ‘மல்ட்டிகல்ச்சுரல்’ என்ற சொல் வேரூன்றியது. கனடா 1971-லேயே அதை அரசுக் கொள்கையாக்கியது. யுனெஸ்கோவும் ஐரோப்பிய அமைப்புகளும் ‘இன்டர்கல்ச்சுரல்’ என்றே எழுதுகின்றன. பண்பாடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது, ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பது அந்தச் சொல்லின் உட்பொருள். பிரிட்டனின் 1980-களின் ஆவணங்களைத் தேடினால் ‘ஆன்ட்டி-ரேசிஸ்ட் எஜுகேஷன்’ (இனவெறிக்கு எதிரான கல்வி) என்பதையும் சேர்க்க வேண்டும்.

அமெரிக்க ஆய்வுகளிலோ, சொல்லைப் பார்த்தே தோராயமாகக் காலத்தைச் சொல்லிவிடலாம். கல்வி ஆய்வாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ‘கல்ச்சுரலி ரெலவன்ட்’ (பண்பாட்டுக்குப் பொருத்தமான) என்ற சொல் பரவியது. ஜெனிவா கே 2000-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு ‘கல்ச்சுரலி ரெஸ்பான்சிவ்’ (பண்பாட்டுக்கு ஏற்பக் கற்பிக்கும்). ஜாங்கோ பாரிஸ் 2012-இல் முன்வைத்தது ‘கல்ச்சுரலி சஸ்டெய்னிங்’ (பண்பாட்டைத் தக்கவைக்கும்). மூன்றும் ஒன்றல்ல. ஆனாலும் ஒன்றை மட்டும் தேடினால் மற்ற இரண்டில் இருக்கும் வகுப்பறைப் பொருள்களைத் தவறவிடுவீர்கள்.

இரண்டு சொற்களில் எச்சரிக்கை வேண்டும். ‘டைவர்சிட்டி’ என்று மட்டும் போட்டால் பல்லுயிர்ச் சூழல், நிறுவனங்களின் ஆள்சேர்ப்புக் கொள்கை, அமெரிக்க விசா குலுக்கல் என எல்லாம் கலந்து வரும். ‘இன்க்ளூசிவ் எஜுகேஷன்’ என்று போட்டால் பெரும்பாலும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்வி பற்றியவை வரும். அதுவும் தேவையான பொருள்தான், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல என்றால் நேரம் வீண்.

தமிழில் தேடும்போது சிக்கல் வேறு வகை. ‘பல்பண்பாட்டுக் கல்வி’ என்று மேற்கோள் குறிக்குள் போட்டால், ஒற்று விட்டு ‘பல்பண்பாட்டு கல்வி’ என எழுதிய பக்கம் தப்பிவிடக்கூடும். ‘கலாசாரம்’, ‘கலாச்சாரம்’ இரண்டும் புழக்கத்தில் உள்ளன. ஒருவர் ‘பன்முகத்தன்மை’ என்பார், இன்னொருவர் ‘பன்மைத்துவம்’ என்பார். ஆகவே தமிழில் மேற்கோள் குறியைத் தவிர்த்து, இரண்டு மூன்று எழுத்து வடிவங்களைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பழைய தமிழ்ப் பிடிஎஃப்-களில் பல, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்தவை அல்லது வெறும் படங்கள். உள்ளே நல்ல உரை இருந்தும் தேடுபொறியின் கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரியாது. அவற்றை நூலகத் தளங்களில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் வைத்துத்தான் பிடிக்க முடியும்.

படி 3: தேடுபொறிக்குக் கட்டளை

கூகுளில் ஐந்து கட்டளைகள் பழகினால் போதும்.

1. சொற்றொடர் சிதறாமல் வர, அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள்.
2. ‘சைட்’ என எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைத் தட்டினால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும்.
3. ‘ஃபைல்டைப்’, முக்காற்புள்ளி, ‘பிடிஎஃப்’. பாடத்திட்டம், வழிகாட்டி போன்றவை பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கும்.
4. வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி: குறிக்கு முன் இடைவெளி உண்டு, பின் கிடையாது. ‘விசா’ தொல்லையை இப்படித்தான் ஒழிக்க வேண்டும்.
5. இரண்டு சொற்களில் எது இருந்தாலும் சரி என்றால் நடுவே ‘ஆர்’. அதைப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்.

முடிவே வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விழுந்திருக்கிறதா என்பதை. பல நேரங்களில் அதுதான் காரணம். அடுத்தது, மேற்கோள் குறிக்குள் ஐந்தாறு சொற்களைத் திணித்திருப்பது. இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

படி 4: நேராகக் களஞ்சியத்துக்குப் போங்கள்

எரிக்: 1960-களில் தொடங்கி, இப்போது அமெரிக்கக் கல்வித் துறையின்கீழ் இயங்கும் கல்வித் தரவுத்தளம். இலவசம், பதிவு செய்யவும் தேவையில்லை. தொடங்குவோர் பலர் நேராகத் தேடல் பெட்டியில் தட்டிவிட்டு ஆயிரக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகளில் மூழ்கிவிடுகிறார்கள். இப்படிச் செய்யுங்கள்: மேலே ‘தெசாரஸ்’ (தரவுத்தளத்தின் சொற்பட்டியல்) என்றிருப்பதைத் திறந்து ‘மல்ட்டிகல்ச்சுரல் எஜுகேஷன்’ என்று இடுங்கள். அந்தச் சொல்லின் விளக்கமும், அதைவிட விரிந்தவை, குறுகியவை, தொடர்புடையவை எனப் பிற சொற்களும் வரும். உங்கள் வரிக்குப் பொருந்துவதைத் தேர்ந்து அதை வைத்தே தேடுங்கள். பிறகு ‘ஃபுல் டெக்ஸ்ட்’ (முழு உரை) கட்டத்தில் குறியிடுங்கள். ஓரத்திலுள்ள வடிகட்டிகளில் ‘பப்ளிகேஷன் டைப்’ என்பதற்குக் கீழே ‘கைட்ஸ் - கிளாஸ்ரூம் - டீச்சர்’ என்று ஒன்று இருக்கும். ஆசிரியருக்கான வகுப்பறைப் பொருள் பெரும்பாலும் அதற்குள்தான். அடுத்து ‘எஜுகேஷன் லெவல்’ வடிகட்டியில் வயதுக்கேற்ற நிலை.

இங்கே வழக்கமாக நடக்கும் பிசகு: தரமானது வேண்டும் என்று ‘பியர் ரிவ்யூட்’ (துறை வல்லுநர்கள் சரிபார்த்தவை) கட்டத்தையும் அழுத்திவிடுவது. அழுத்தியதும் ஆசிரியர் வழிகாட்டிகள் பெரும்பாலும் காணாமல் போய்விடும், ஏனென்றால் அவை ஆய்விதழில் வந்தவை அல்ல. பதிவு எண்ணையும் கவனியுங்கள். ‘இஜே’ என்று தொடங்கினால் ஆய்விதழ்க் கட்டுரை, பல நேரங்களில் சுருக்கம் மட்டுமே கிடைக்கும். ‘இடி’ என்று தொடங்கினால் அறிக்கை, வழிகாட்டி போன்றவை. முழு உரை கிடைக்கும் வாய்ப்பு இதில்தான் அதிகம்.

யுனெஸ்டாக்: யுனெஸ்கோவின் மின்நூலகம். 2006-இல் வந்த ‘இன்டர்கல்ச்சுரல்’ கல்வி வழிகாட்டு நெறிகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கற்பவரின் பண்பாட்டு அடையாளத்தை மதித்தல், சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்கத் தேவையான அறிவையும் திறனையும் தருதல், பல்வேறு குழுக்களுக்கிடையே மதிப்பையும் ஒருமைப்பாட்டையும் வளர்த்தல் என மூன்று கொள்கைகளின்கீழ் அது அமைந்திருக்கிறது. அப்படியே வகுப்புக்கு எடுத்துப்போகும் பொருள் அல்ல. ஆனால் மற்ற வளங்களை அளந்து பார்க்க நல்ல அளவுகோல்.

கதைகளுக்கு ஸ்டோரிவீவர் தளம். பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகம் 2015-இல் தொடங்கியது. தமிழ் உட்பட ஏராளமான மொழிகளில், நான்கு வாசிப்பு நிலைகளில் கதைகள் உள்ளன. ஒரே கதையை இரண்டு மொழிகளில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். நம் எடுத்துக்காட்டுக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் மொழிநடை சீராக இருக்காது. வகுப்புக்கு முன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிடுங்கள். ஆப்பிரிக்கக் கதைகள் வேண்டுமென்றால் ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக் தளம்.

பாடத்திட்டம், கலந்துரையாடல் குறிப்புகளுக்கு லேர்னிங் ஃபார் ஜஸ்டிஸ் தளம். 2021-க்கு முன் இதன் பெயர் டீச்சிங் டாலரன்ஸ் என்பதால் பழைய பட்டியல்களில் அந்தப் பெயரில் இருக்கும். அதன் தரநிலைகள் அடையாளம், பன்முகத்தன்மை, நீதி, செயல் என நான்காகப் பிரிந்தவை. அமெரிக்கச் சூழலுக்கு எழுதியவை, ஆகவே நிகழ்வுகளையும் பெயர்களையும் விட்டுவிட்டுக் கேள்விகளின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆய்வுக்கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் ஒரே ஒரு வித்தை போதும்: நல்ல கட்டுரை ஒன்று சிக்கியதும் அதற்குக் கீழே ‘சைட்டட் பை’ என்றிருப்பதை அழுத்துங்கள். அதை மேற்கோள் காட்டிப் பிறகு வந்தவை வரிசையாக நிற்கும்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் பட்டியல் கேட்பவர்கள் கவனிக்க: இல்லாத கட்டுரைக்குக்கூட ஆசிரியர், ஆண்டு, இதழ்ப் பெயர் எல்லாம் வைத்து அழகாகத் தந்துவிடும். தலைப்பை மேற்கோள் குறிக்குள் வைத்து ஸ்காலரில் தேடுங்கள். வரவில்லை என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 5: சலித்தெடுத்தல்

முதலில் வெளியிட்டவர் யார் என்று பாருங்கள். அந்தத் தளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தை நம்பிப் பயனில்லை, தன்னைப் பற்றி யாரும் குறைத்து எழுதமாட்டார்கள். புதிய தாவலைத் திறந்து, அமைப்பின் பெயரைத் தட்டி, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

அடுத்தது உள்ளடக்கம். இந்தத் துறையின் பெரிய நோய் ‘சுற்றுலாப் பாடம்’. கொடி, உடை, உணவு, திருவிழா என்று ஒரு வாரம் ஊர்சுற்றிவிட்டு மறுவாரம் பழைய பாடத்துக்கே திரும்புவது. குழந்தை மனதில் மிஞ்சுவது ‘அவர்கள் விசித்திரமானவர்கள்’ என்ற எண்ணம்தான். ஒரு வளம் இந்த ரகமா என்று அறிய, அமெரிக்கக் கல்வியாளர் ஜேம்ஸ் பேங்க்ஸ் வகுத்த நான்கு படிநிலைகள் உதவும். ஒரு துறைமுகத்தின் வரலாறு பாடம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நிலையில், அங்கு வந்து குடியேறிய மக்களின் ஒரு விழாவைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி இருக்கும். இரண்டாம் நிலையில், அவர்களைப் பற்றித் தனி அத்தியாயம் ஒன்று கடைசியில் ஒட்டப்பட்டிருக்கும், மற்றபடி பாடம் மாறியிருக்காது. மூன்றாம் நிலையில் பாடமே மாறும்: துறைமுகத்தைக் கட்டிய அதிகாரி, அதற்காக இடம்பெயர்க்கப்பட்ட மீனவர், கூலிக்கு வந்த தொழிலாளி என மூவரின் கண்வழியாக ஒரே நிகழ்வு சொல்லப்படும். நான்காம் நிலையில், படித்ததை வைத்து மாணவர்கள் தாமே ஒரு முடிவெடுத்துச் செயலில் இறங்குவார்கள். கிடைக்கும் வளங்களில் பெரும்பகுதி முதல் இரண்டு நிலையில்தான் நிற்கும். அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். எந்த நிலை என்று விரிதாளில் குறித்துவிட்டு, மூன்றாம் நிலையில் குறைந்தது இரண்டு வளங்களாவது கிடைக்கும்வரை தேடுங்கள்.

கதைகளுக்கு, சிறார் இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் சொன்ன உவமை எளிது: புத்தகம் ஒரு குழந்தைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடி, அடுத்தவரைக் காட்டும் சன்னல், உள்ளே நுழைய விடும் கதவு. எடுத்த பத்துக் கதைகளைப் பரப்பி வைத்து, உங்கள் வகுப்பிலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கண்ணாடியாவது இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு குழந்தைக்குப் பத்தும் சன்னலாகவே இருந்தால் தேர்வைக் கலைத்துவிட்டு மறுபடி தேட வேண்டும்.

படி 6: உரிமம்

இலவசமாகப் படிக்க முடிகிறது என்பதால் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்று ஆகாது. படைப்பை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமக் குறிகளைப் படிக்கப் பழகுங்கள். ‘பை’ என்றால் ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். ‘எஸ்ஏ’ என்றால் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ‘என்சி’ என்றால் வணிகத்துக்கு ஆகாது. ‘என்டி’யில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: மாற்றியதைப் பகிரக் கூடாது, மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். ஆகவே தமிழாக்கி வெளியிடும் எண்ணம் இருந்தால் ‘என்டி’ உள்ளதைத் தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள். எந்தக் குறியும் இல்லையென்றால் எல்லா உரிமையும் அவர்களுடையது. எழுதிக் கேட்டுப் பெற வேண்டும்.

எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டவும் வேண்டாம். சமநீதியைக் குறிக்கும் ‘ஈக்விட்டி’ பங்குச்சந்தைக்குப் போய்விடலாம், இனத்தைக் குறிக்கும் ‘ரேஸ்’ ஓட்டப்பந்தயமாகிவிடலாம். இந்த இரண்டும் இந்தத் துறைக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் சொற்கள்.

படி 7: சேமித்தல்

இணைப்பை மட்டும் வைத்திருப்பது காற்றைக் கட்டி வைப்பது போலத்தான். 2025-இல் அமெரிக்க அரசுத் தளங்களிலிருந்து இந்தப் பொருள் சார்ந்த பக்கங்கள் பல அகற்றப்பட்டன. வேறு தளங்களும் வடிவம் மாற்றும்போது முகவரிகளை உடைத்துவிடுகின்றன. வளத்தைத் தேர்ந்த அன்றே இரண்டு வேலை செய்யுங்கள்: பிடிஎஃப்-ஐ உங்கள் கணினியில் இறக்குங்கள், பக்கத்தின் முகவரியை, இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமிக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ‘சேவ் பேஜ் நவ்’ பெட்டியில் இட்டு ஒரு நகல் எடுங்கள். ஏற்கெனவே செத்துப்போன இணைப்பா? அதே தளத்தின் தேடல் பெட்டியில் பழைய முகவரியை ஒட்டினால், நகல் இருக்கும் ஆண்டுகள் வரிசையாகத் தெரியும். பக்கம் அகற்றப்படுவதற்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுங்கள், கடைசித் தேதியில் பிழைப் பக்கத்தின் நகல்தான் இருக்கக்கூடும்.

விரிதாளில் ஒரு வளத்துக்கு ஒரு வரி: தலைப்பு, முகவரி, நகலின் முகவரி, வெளியிட்டவர், ஆண்டு, வயது, பேங்க்ஸ் நிலை, உரிமம், எடுத்த நாள். இவற்றுக்குப் பிறகு கடைசியாக ஒரு கட்டம் விட்டு, அதை வகுப்பு முடிந்ததும் நிரப்புங்கள்: என்ன நடந்தது, எந்தக் கேள்விக்குக் குழந்தைகள் வாய் திறந்தார்கள், எங்கே அமைதியானார்கள். அடுத்த தேடலுக்கான ஒரு வரிக் கேள்வி பெரும்பாலும் அந்தக் கட்டத்திலிருந்தே கிடைத்துவிடும்.