ஆஃபரிலும் ஈரப்பதம் பார்க்கணும்: தீபாவளிக்கு டிவி, போன், லேப்டாப் வாங்குபவர்களுக்கு

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டியதும் யாரும் மூட்டையை எண்ணுவதில்லை. ஒரு பிடி அள்ளி மீட்டரில் போட்டு ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 சதவீதத்தைத் தாண்டினால் காயவைக்கச் சொல்வார்கள். இதைப் பார்த்தே வளர்ந்த நாம், போனில் '46% தள்ளுபடி' என்று மின்னினால் மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம்.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து குறுவை நெல் ஒழுங்காக வந்தால், புரட்டாசி, ஐப்பசி வாக்கில் கணக்கில் பணம் ஏறும். ஃபிளிப்கார்ட்டின் பிக் பில்லியன் டேஸ், அமேசானின் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவல் விற்பனைகள் எல்லாம் அதே சமயத்தில்தான் வரும். கையில் காசும் கண்ணில் ஆஃபரும் ஒன்றாக இருக்கும் நேரம் என்பதால் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

படி 1: மாடல் எண்ணை எழுதுங்கள்

'43 இஞ்ச் டிவி' என்று எழுதினால் போதாது. முழு மாடல் எண் வேண்டும். கடைசி இரண்டு எழுத்து மாறினாலே வேறு வருடத்து டிவியாகவோ, ஆன்லைனுக்கென்றே செய்த மலிவுப் பதிப்பாகவோ இருக்கலாம். பிடித்த இரண்டு மூன்று மாடல்கள் போதும். பத்து மாடல் எழுதினால் கடைசியில் பதினோராவதைத்தான் வாங்குவோம்.

படி 2: விலையை முன்கூட்டியே குறித்து வையுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். ஆடித் தள்ளுபடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஒரு நோட்டு போடுங்கள். வாரம் ஒருமுறை அந்த மாடல்களின் விலையைத் தேதியோடு எழுதுங்கள். அமேசானில் பழைய விலை ஏறி இறங்கியதைப் பார்க்க கீபா (Keepa) என்ற இணையதளம் உதவும். பைஹட்கே (Buyhatke) என்ற தளம் மற்ற விற்பனைத் தளங்களுக்கும் உதவும். நீங்கள் சொல்லும் விலைக்கு இறங்கினால் தகவல் அனுப்பும் வசதியும் இவற்றில் உண்டு.

எதற்கு இவ்வளவு? ஓர் உதாரணக் கணக்கு. ஒரு டிவியின் எம்ஆர்பி 45,999 ரூபாய். விற்பனை நாளில் 24,990. பக்கத்தில் '46% தள்ளுபடி' என்று கொட்டை எழுத்து. ஆனால் உங்கள் நோட்டில் ஆவணியிலேயே அது 26,490. அப்படியானால் உண்மையில் குறைந்தது 1,500 ரூபாய், ஆறு சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் ஈரம். எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்கிற உச்சவரம்பு, அவ்வளவுதான். அந்த விலைக்கு யாரும் டிவி வாங்கி நான் பார்த்ததில்லை.

விற்பனைக்கு ஒரு வாரம் முன்னால் விலையைச் சற்றே ஏற்றிவிட்டு, அன்றைக்கு இறக்கிக் காட்டுவதும் நடக்கும். நோட்டு இருந்தால் அது உடனே தெரிந்துவிடும்.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் ஏசிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. போனுக்கும் லேப்டாப்புக்கும் முன்பே 18தான். ஆகவே போன் விளம்பரத்தில் 'வரி குறைப்புச் சலுகை' என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

படி 3: ஊர்க் கடையில் கேளுங்கள்

ஆன்லைன்தான் மலிவு என்று முடிவு கட்ட வேண்டாம். கும்பகோணமோ தஞ்சாவூரோ மன்னார்குடியோ, இரண்டு கடை ஏறி இறங்குங்கள். நான் கேட்பது இப்படி:

"அண்ணே, இந்த மாடல் ஆன்லைன்ல 24,990. பில்லோட உங்க விலை என்ன?"

"அந்த ரேட்டு கட்டாது தம்பி. 25,500 போடுறேன். ஸ்டாண்டு, மாட்டிக் குடுக்கிற கூலி எல்லாம் அதுலயே."

சரி, ஆன்லைனில் சுவர் ஸ்டாண்டுக்குத் தனியாகக் கேட்பார்களா என்று பார்த்தால், சில நேரம் கடை விலையே குறைவாக இருக்கும். பில் மட்டும் கட்டாயம். 'பில் வேண்டாம்னா இன்னும் குறைக்கலாம்' என்றால் வெளியே வந்துவிடுங்கள். வாரண்டிக்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம்.

படி 4: கார்டும் இஎம்ஐயும்

'10% உடனடித் தள்ளுபடி' என்றால் கீழே பொடி எழுத்தில் 'அதிகபட்சம் 1,500' என்று இருக்கலாம். நம் 24,990 டிவிக்கு 2,499 கிடைக்காது, 1,500தான் கிடைக்கும். விலை 23,490 ஆகும். நோட்டு விலையோடு ஒப்பிட்டால் 3,000 ரூபாய் லாபம். இது நிஜமான ஆஃபர்.

'வட்டியில்லாத் தவணை' என்று சொல்லும் நோ காஸ்ட் இஎம்ஐ முழுக்க இலவசம் அல்ல. பூஜ்ய வட்டித் திட்டங்கள் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் வங்கி வட்டி போடும், அந்தத் தொகையைக் கடை தள்ளுபடியாகக் கழிக்கும். ஆனால் வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில் விழும். வட்டி 1,000 என்றால் வரி 180. செயலாக்கக் கட்டணம் 199 என்றால் அதற்கும் வரி. சுமார் 415 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும்.

படி 5: பின்கோடு, சர்வீஸ்

இதில் நான் சூடுபட்டவன். இரண்டாயிரம் ரூபாய் மிச்சமென்று, அதிகம் கேள்விப்படாத ஒரு பிராண்டு டிவி வாங்கினேன். ஐந்தாம் மாதம் திரையில் செங்குத்தாக ஒரு கோடு. போன் செய்தால், 'உங்க ஏரியாவுக்கு திருச்சியிலேர்ந்துதான் சார் வரணும்' என்றார்கள். ஆள் வர மூன்று வாரம், பேனல் வர இன்னொரு மாதம். வீட்டில் சீரியல் நின்ற அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுத முடியாது.

ஆகவே பிராண்டின் இணையதளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு, அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் எது என்று முதலில் பாருங்கள். விற்பனைத் தளத்திலும் பின்கோடைப் போட்ட பிறகே விலையைப் பாருங்கள். நகரத்தில் காட்டும் பழைய போன் எக்ஸ்சேஞ்ச் நம் கிராமத்துக்கு இல்லாமல் போகலாம்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஏசி வாங்கினால் அதன் காயில் (coil) செம்பால் ஆனதா, துருத்தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். உப்புக்காற்று வெளி யூனிட்டை அரித்துவிடும். 'ஸ்டெபிலைசர் வேண்டாம்' என்று விற்றால், எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பதையும் பாருங்கள்.

படி 6: உள்ளே என்ன இருக்கிறது

பத்தாயிரத்துக்கும் பன்னிரண்டாயிரத்துக்கும் புதுப்பித்த லேப்டாப்புகள் வரும். பெரும்பாலும் இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறைச் சிப்பு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இந்தப் பழைய சிப்புகளில் மிகச் சிலவற்றைத் தவிர எதையும் விண்டோஸ் 11 ஏற்காது. பிள்ளை படிப்புக்கு என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். போனில் '16 ஜிபி ராம்' என்று போட்டிருந்தால், அதில் எவ்வளவு 'விர்ச்சுவல்', அதாவது போனின் சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது என்று பாருங்கள். ஏசி, பிரிட்ஜில் நட்சத்திர ஸ்டிக்கரின் ஆண்டைப் பாருங்கள். விதிகள் அவ்வப்போது இறுகுவதால் பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு ஐந்து இல்லை.

படி 7: பெட்டி வந்ததும்

'ஓபன் பாக்ஸ்' வசதி இருந்தால் டெலிவரி ஆள் முன்னாலேயே பிரித்துப் பார்த்துவிட்டு ஓடிபி சொல்லுங்கள். இல்லாவிட்டால் சீலை உடைப்பதிலிருந்து ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். புதுப் போனில் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கென்றே உள்ள அடையாள எண் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஆங்கிலத்தில் KYM என்ற மூன்று எழுத்தை அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணை 14422-க்கு எஸ்எம்எஸ் செய்தால் போன் விவரம் வரும். கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஐப்பசி மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெருவில் தண்ணீர் நிற்கும் வாரத்தில் பெரிய டிவி டெலிவரி வைத்துக்கொள்ளாதீர்கள். அட்டைப்பெட்டி நனைந்து வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இந்தத் தீபாவளிக்கு விலை அமையவில்லையா, நோட்டைத் தூக்கிப்போட வேண்டாம். குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரியிலும் விற்பனை வரும். சம்பா அறுவடையும் அந்தச் சமயம்தான். எங்கள் சித்தப்பா வீட்டு வாஷிங் மெஷின் இப்போது அந்த வரிசையில்தான் நிற்கிறது. நோட்டில் நான்காவது பக்கம்.