ஒரே தெருவில் எட்டு வீடு: லண்டனில் யன்னல் கழுவும் வேலைக்கு ஆள் பிடிப்பதும் விலை சொல்வதும்

நான் முதன்முதலில் விலை சொன்ன வீடு ஹரோவில் ரேய்னர்ஸ் லேன் பக்கம் ஒரு செமி, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. வாசலில் நின்று முன்பக்கத்து யன்னல்களை மட்டும் பார்த்துவிட்டு "எட்டுப் பவுண்" என்று சொல்லிவிட்டேன். பின்பக்கம் போனால் அங்கே பெரிய கொன்சவேற்றரி, கண்ணாடி அறை, ஒன்று நிற்கிறது. மேல்மாடி யன்னல்கள் எல்லாம் ஈயப்பட்டி ஒட்டிய சின்னச் சின்னச் சதுரங்கள். ஒன்றே முக்கால் மணித்தியாலம் போனது. அந்தக் காசு பெற்றோலுக்கும் ஒரு சோற்றுப் பார்சலுக்கும்தான் காணும். அன்றிலிருந்து வீட்டை ஒருக்கா சுற்றி நடக்காமல் நான் விலை சொல்ல வாயைத் திறப்பதில்லை. போனில் கேட்டால் கூகிள் வரைபடத்தில் மேலிருந்து பார்ப்பேன். கொன்சவேற்றரி அதில் நன்றாகவே தெரியும்.

விலையை வீட்டைப் பார்த்துச் சொல்வதா, யன்னலை எண்ணிச் சொல்வதா என்று புதிதாக வருகிற பெடியள் கேட்பார்கள். நான் நேரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். மணிக்கு 40 பவுண் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. அது முழுக்க என் கையில் நிற்கும் காசென்று நினைக்க வேண்டாம். வானுக்குக் காப்புறுதி, யாருடைய கண்ணாடியாவது உடைந்தால் கொடுக்கப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி, பெற்றோல், தண்ணீர் வடிக்கும் ரெசின் மணிகள், வரி, காய்ச்சலில் படுக்கும் நாள் எல்லாம் அதற்குள்தான் வரவேண்டும். பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை செய்த காலத்தில் மணிக்கு இவ்வளவு என்றால் அவ்வளவும் என்னுடையது. அந்தப் பழக்கத்தில் விலை சொன்னபடியால்தான் முதல் வருடம் நாரி முறிய வேலை செய்தும் மிச்சம் இல்லை.

ஹரோப் பக்கம் இந்த வேலைக்கு ஒரு வசதி உண்டு. தெருத் தெருவாக 1930களில் கட்டிய செமி வீடுகள். முன்னால் வளைந்த பே யன்னல், மேலே மூன்று அறை, எல்லாம் ஒரே அச்சு. ஒரு வீட்டுக்கு எவ்வளவு நேரம் போகிறதென்று மணிக்கூட்டில் பார்த்துவிட்டால் தெருவுக்கே விலை கிடைத்துவிடும். எனக்குக் குழாயை இழுத்து, கழுவி, சுற்றி வைத்து அடுத்த வீட்டுக்கு நகர 27 நிமிடம் போகிறது. ஆகவே 18 பவுண். கொன்சவேற்றரியின் பக்கக் கண்ணாடிகளுக்கு மேலதிகமாக 8. அதன் கூரை தனி வேலை, அதற்குத் தனி விலை. எவ்வளவு சின்ன வீடென்றாலும் 15க்குக் கீழே வானை நிறுத்துவதில்லை.

இந்த 18 என்பது நாலு கிழமைக்கு ஒருக்கா வருகிற வீட்டுக்கு. எட்டுக் கிழமைக்கு ஒருக்கா என்றால் 22, ஏனென்றால் சிலந்திவலையும் பறவை எச்சமும் காய்ந்து ஒட்டிவிடும். முதல் தடவைக்கு இரட்டிப்பு, 36. வருடக்கணக்காகக் கைவைக்காத சட்டங்களிலிருந்து பச்சைப் பாசி வழிந்துகொண்டே இருக்கும், இரண்டு தரம் கழுவினால்தான் கண்ணாடி துப்பரவாகும். இதை முதலே சொல்லிவிட்டால் ஒருவரும் சண்டைக்கு வருவதில்லை. வீடு விற்கிறோம், ஒருக்கா மட்டும் கழுவித் தா என்று கேட்பவர்களுக்கு 45. திரும்பி வராத வேலைக்கு மலிவு விலை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சரி, ஆள் பிடிப்பது எப்படி?

எங்கள் ஆட்கள் எல்லாரும் முதலில் செய்வது வட்ஸ்அப்பில் போடுவது. நானும் போட்டேன். கோயில் குழு, ஊர்ப் பழைய மாணவர் குழு, ஒன்றையும் விடவில்லை. வேலை வந்தது. ஆனால் ஒன்று குறொய்டனில், ஒன்று ஈஸ்ற்ஹாமில், ஒன்று ஸ்லவில். குறொய்டன் வீட்டுக்கு 35 பவுண். கேட்க நல்ல காசு. போக ஒன்றரை மணித்தியாலம், வேலை முக்கால், திரும்பிவர ஒன்றரை. அதே மூன்றே முக்கால் மணித்தியாலத்தில் ரேய்னர்ஸ் லேனில் ஒரே தெருவில் எட்டு வீடு கழுவுவேன், 144 பவுண். காலை எட்டரைக்குத் தொடங்கினால் பன்னிரண்டு தாண்டியவுடன் சாப்பிடலாம். இதை ஒரு வருடம் கழித்துத்தான் கடதாசியில் எழுதிப் பார்த்தேன். அந்த வாரமே குறொய்டன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, பக்கத்தில் வேலை செய்கிற ஒருவரின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே எனக்குச் சரிவந்த வழி, முதல் வீடு கிடைத்த தெருவிலேயே குந்தியிருப்பதுதான். அந்த வீட்டைக் கழுவி முடித்த அன்றே இரண்டு பக்கமும் ஐந்து வீடு, எதிர்ப்பக்கம் ஐந்து வீடு கதவைத் தட்டுவேன். பகலில் தட்டி வேலையில்லை, சனம் வேலைக்குப் போயிருக்கும். பின்னேரம் ஐந்தரை முதல் ஏழு வரை நல்ல நேரம். மார்ச் கடைசியில் மணிக்கூட்டை மாற்றிய பிறகு வெளிச்சமும் இருக்கும். இருட்டில் ஒரு கறுத்த ஆம்பிளை கதவில் நின்றால் திறக்க யோசிப்பார்கள். அதில் கோபப்பட்டுப் பயனில்லை, வெளிச்சத்தில் போனால் சரி.

கதைப்பதற்கு பெரிய ஆங்கிலம் தேவையில்லை. "14ஆம் இலக்கத்துக்கும் 22க்கும் நான்தான் யன்னல் கழுவுகிறேன். மாதத்தில் அதே நாளில் உங்களுக்கும் செய்யலாம், 18 பவுண்." அவ்வளவுதான் நான் சொல்வது. இலக்கத்தைக் கேட்டவுடன் முகம் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் நம்பியவனைத் தானும் நம்பலாம் என்று நினைப்பார்கள் போல. வேண்டாம் என்றால் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லி நகர்வேன். துண்டுப் பிரசுரத்தை மட்டும் நம்பி இரண்டாயிரம் அடித்து வீடு வீடாகப் போட்டுப் பார்த்தேன், கால் வலித்ததுதான் மிச்சம். குப்பைக் கடிதம் போடாதே என்று எழுதிய கதவுகளுக்குப் போடாதீர்கள், பிறகு அந்த வீடு உங்களுக்கு இல்லை.

"எங்கடை ஆக்கள்" விசயத்துக்கு வருகிறேன். "தம்பி, எங்களுக்கு எவ்வளவு போடுவீர்?" என்று கேட்பார்கள். தொடக்கத்தில் 12க்குச் செய்தேன். அந்த அண்ணை கலியாண வீட்டில் பத்துப் பேருக்கு அந்த விலையைச் சொல்லிவிட்டார். இப்போது மாத விலையில் ஒரு சதமும் குறைப்பதில்லை. அதற்குப் பதிலாக முதல் தடவையின் இரட்டிப்பு விலையை விட்டுவிடுகிறேன். அவர்களுக்கும் சந்தோசம், எனக்கும் ஒருநாள் நட்டம்தான்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் விலையைக் கேட்டுத் தயங்குகிறவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நான் ஏணியில் ஏறுவதில்லை. நிலத்தில் நின்று நீளக் கார்பன் தடியில் பிரஷை வைத்து மேல்மாடியைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் போய்விடுவேன். "துடைக்காமல் போறானே!" என்பார்கள். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் மீற்றர் என் வீட்டுக் குழாயில் 320 காட்டுகிறது. அதை வடிகட்டி ரெசினுக்குள்ளால் விட்டுப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் காயும்போது ஒரு புள்ளியும் நிற்காது. பத்தைத் தாண்டினால் ரெசினை மாற்றிவிடுங்கள். எனது தாங்கி 350 லீற்றர், வீட்டுக்கு 25 லீற்றர் போகிறது. 350 லீற்றர் என்றால் 350 கிலோ, சின்ன வான் தாங்குமா என்று பார்த்து வாங்கவும். வான் வாங்கும்போது இன்னொன்று: யூரோ 6 புகைத் தரம் இல்லாத டீசல் வான் மலிவாகக் கிடைக்கும், ஆனால் 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க யூலெஸ், அதாவது புகை கூடிய வாகனங்களுக்குக் கட்டணம். ஓடுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். கிட்டத்தட்ட ஒரு வீட்டுக் காசு.

காசு வாங்குவதில் நான் இளகிய மனக்காரன், அதனால் ஒரு விதி வைத்தேன். முதல் நாள் பின்னேரம் மெசேஜ் போவது வழக்கம்: "நாளைக்கு வருகிறேன், சைட் கேற்றைத் திறந்து வையுங்கள்." முடிந்ததும் வங்கி இலக்கத்தோடு இன்னொன்று. இரண்டு தடவைக் காசு நின்றால் மூன்றாம் தடவை போவதில்லை. வருடத்துக்கு ஒருக்கா, மார்ச்சில், ஒன்றோ இரண்டோ பவுண் கூட்டுவேன். போன தடவை ஐந்து வீடு போனது. மற்றவர்கள் தந்த கூடுதல் காசு அதைவிட அதிகம்.

ரவுண்டை, அதாவது ஒருவர் வழக்கமாகக் கழுவுகிற வீடுகளை மொத்தமாக, விலைக்கு வாங்கலாமா என்று கேட்பார்கள். ஒருவரிடம் 60 வீடு என்று சொல்லி நான் வாங்கினேன். கதவைத் தட்டினால் 23 வீட்டில் "எங்களுக்கு யன்னல் கழுவுகிறவரே இல்லையே" என்றார்கள். வாங்குவதென்றால் விற்பவரோடு ஒரு சுற்று முழுக்க வேலைக்குப் போய், வீட்டுக்காரருக்கு அறிமுகமாகி, காசு வங்கிக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள்.

கடதாசி வேலை அதிகமில்லை. வரி வருடத்தில் இந்த வேலையில் 1,000 பவுணுக்கு மேல் வந்தால், அந்த வருடம் முடிந்து வருகிற ஒக்ரோபர் 5க்குள் வரித் திணைக்களத்தில் பதிய வேண்டும். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் தங்கள் கவுன்சிலில் யன்னல் கழுவ லைசென்ஸ் வேண்டுமா என்று கேளுங்கள், அங்கே 1982ஆம் வருடச் சட்டத்தில் அப்படி ஒன்று இருக்கிறது.

அப்புறம் கேற். போன செவ்வாய் நாலு வீட்டில் பூட்டிக் கிடந்தது. முன்பக்கம் மட்டும் கழுவி 12 பவுண் வாங்குவேன். பூட்டை மறந்தவர்கள் அடுத்த மாதம் மறப்பதில்லை.