‘ஏ7’ என்பதைக் கோடுகளாக்குவது எப்படி?

லேபிள் அச்சிடும் வேலைக்கு வந்த புதிதில் பார்கோடு ஃபான்ட் ஒன்றை இறக்கி, சரக்கு எண்ணைத் தட்டி, ஃபான்ட்டை மட்டும் மாற்றி முந்நூறு லேபிள் எடுத்தேன். பார்வைக்கு அசல் பார்கோடுதான். ஸ்கேனர் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. எண்ணைக் கோடாக்குவதற்கு முன் ஒரு கணக்கு இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

கணக்கே வேண்டாம் என்றால் கோட் 39 என்ற பார்கோடு வகை இருக்கிறது. ஓர் எழுத்துக்கு 5 கோடு, 4 இடைவெளி. அந்த 9-இல் 3 மட்டும் அகலமானவை. பெயர் வந்ததும் அதனால்தான். எண்ணுக்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும், ஃபான்ட்டிலேயே வேலை முடிந்துவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், சில குறிகள் என்று மொத்தம் 43தான் உண்டு. இடமும் நிறையப் பிடிக்கும்.

சின்ன லேபிளுக்கு நான் எப்போதும் கோட் 128 என்ற வகையைத்தான் எடுப்பேன். இதில் ஓர் எழுத்துக்கு 3 கோடு, 3 இடைவெளி, மொத்த அகலம் 11 அலகு (ஓர் அலகு என்பது மிக மெல்லிய கோட்டின் அகலம்). ஆங்கிலப் பெரிய ‘ஏ’ (A) என்றால் கோடு, இடைவெளி அகலங்கள் வரிசையாக 1, 1, 1, 3, 2, 3. கோடுகளுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை, ஏ, பி, சி என மூன்று செட் உண்டு. பி செட்டில் எழுத்தின் மதிப்பு வேண்டுமானால் ஆஸ்கி எண்ணிலிருந்து (கணினி அந்த எழுத்துக்கு வைத்திருக்கும் எண்) 32-ஐக் கழியுங்கள்.

‘ஏ7’-ஐ ஒருமுறை பென்சிலால் போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது. பி செட்டின் தொடக்கக் குறிக்கு 104. ‘ஏ’ 65, 32 போக 33. முதல் இடம், ஆக 33 × 1. ‘7’ 55, 32 போக 23; இரண்டாம் இடம், ஆக 23 × 2 = 46. கூட்டினால் 183. அதை 103-ஆல் வகுத்தால் மீதி 80, இதுதான் சரிபார்ப்பு மதிப்பு. தொடக்கம், ‘ஏ’, ‘7’, அப்புறம் 80-க்கு உரிய கோடுகள், கடைசியில் 13 அலகு முடிவுக் குறி. என் முந்நூறு லேபிளிலும் தொடக்கம், சரிபார்ப்பு, முடிவு மூன்றுமே இல்லை. ஒரு எச்சரிக்கை: 94-க்கு மேற்பட்ட மதிப்புகளை ஒவ்வொரு ஃபான்ட்டும் ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கும். அதன் அட்டவணையைப் பார்க்காமல் தட்டாதீர்கள்.

எண்கள் மட்டும் என்றால் சி செட். இரண்டு இலக்கம் சேர்ந்து ஒரே குறியாகும். எட்டு இலக்கம் பி செட்டில் 123 அலகு, சி செட்டில் 79. இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் முதல் இலக்கத்தை பி-யில் எழுதி, 99 என்ற குறியால் சி-க்குத் தாவுங்கள். அந்த 99-ம் சரிபார்ப்புக் கணக்கில் ஓர் இடம் பிடிக்கும்.

கணக்கு சரியாக இருந்தும் படிக்காவிட்டால் பிரிண்டரைப் பாருங்கள். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.125 மி.மீ. அலகை 2 புள்ளி, அதாவது 0.25 மி.மீ. என்று வையுங்கள், அந்த எட்டு இலக்கம் சுமார் 20 மி.மீ.யில் அடங்கும். 0.3 என்று வைத்தால் 2.4 புள்ளி வரும். பிரிண்டரால் அரைகுறைப் புள்ளி போட முடியாது, ஒரு கோடு 2, அடுத்தது 3 என்று கோணலாகும். பக்கத்துக்குப் பொருத்து என்ற வசதியும் இதையேதான் செய்யும், அணைத்துவிடுங்கள். இரு பக்கமும் 10 அலகு வெள்ளை விடுங்கள்.

சரி, இப்போது ஒரே ஒரு லேபிள் அச்சிட்டு, நோட்பேடைத் திறந்து அதில் ஸ்கேன் செய்யுங்கள். கொடுத்த எண் அப்படியே வந்தால் மீதியை அனுப்பலாம்.