கும்பகோணத்தில் என் மின்சாரக் காரை நானே விற்றேன்

புது வண்டிக்குப் பழையதை எக்ஸ்சேஞ்சாக எடுப்பார்களா என்று ஷோரூமில் கேட்டபோது, பேட்டரியைச் சோதிக்காமலே அடிமாட்டு விலை சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை, நேரடியாக விற்க இறங்கினேன்.

வாங்குபவரின் பயம் முழுக்க பேட்டரிதான். சர்வீஸ் சென்டரில் பேட்டரி நிலை அறிக்கையை எழுத்தில் வாங்கினேன். என் வண்டி டாடா நெக்ஸான் இ.வி.; நான் வாங்கியபோது அதன் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.; அடுத்த உரிமையாளருக்கும் தொடருமா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். மன்னார்குடியிலிருந்து வண்டி வாங்க வந்த அண்ணனிடம் முழு சார்ஜில் சாவியைக் கொடுத்து, தஞ்சாவூர் வரை ஓட்டச் சொன்னேன். நெல் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்தபோது சார்ஜ் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று அவரே பார்த்தார். பேரம் அங்கேயே படிந்தது.

கடன் இருந்ததால் வங்கியின் தடையில்லாச் சான்றும் ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் முதலில். பிறகு உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30. பணம் கணக்கில் ஏறியபின்தான் வண்டியை ஒப்படைத்தேன். விற்றதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிடுங்கள், ஆர்.சி. நம் பெயரில் இருக்கும்வரை விபத்து வழக்கு நம்மைத் தேடித்தான் வரும்.