உடைமரத்தைச் சீமைக் கருவேலம் என்று பிடுங்கிவிடாதீர்கள்

சீமைக் கருவேலம் அகற்ற வருகிற தம்பிகளுக்குக் கையுறை போடு, செருப்போடு நட என்று சொல்லத் தேவையில்லை. மண்டபம், இராமேசுவரம் பக்கம் திரும்பத் திரும்ப நடக்கிற தவறுகளே வேறு.

குடையை வைத்து முடிவு செய்வது

குடைவேல் என்கிற உடைமரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மரம். உச்சி தட்டையாக விரிந்த பழைய மரத்தை யாரும் தொடமாட்டார்கள். சிக்கல் இளமரத்தில்தான். அது புதராகவே நிற்கும், குடை பிற்பாடுதான் விரியும். கடற்காற்று அறைகிற மேட்டில் சீமைக் கருவேலமும் உச்சி கருகித் தட்டையாகிவிடும்.

2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்ன பிறகு ஊருக்கு ஊர் பொக்லைன் இறங்கியது. கடலோரத் தரிசு ஒன்றில் மரம் காட்டிக்கொண்டிருந்த பையன், "எல்லாம் ஒரே முள்ளுதானேண்ணே?" என்றான். அதற்குள் காய்ப்புக்கு வந்த உடைமரங்கள் ஒரு வரிசை வேரோடு கிடந்தன. ஆடு ஓட்டி வந்த அப்பத்தா ஒரு காயைப் பொறுக்கி, "ஏம்ப்பா, இது உடை. காயைப் பாக்கலையா?" என்று கேட்டார். இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. சீமைக் கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கிய உடை போனது போனதுதான். அந்த வெற்றிடத்திலும் ஆட்டுப் புழுக்கையில் வந்து விழுகிற சீமை விதைதான் முதலில் முளைக்கும்.

கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். உடையில் நீளமான வெள்ளை முள்ளோடு குட்டையாக வளைந்த முள்ளும் கலந்திருக்கும். சீமையில் நேர் முள் மட்டுமே. உடைக்குப் பூ வெளிர் உருண்டை, காய் சுருண்டது. சீமைக்குப் பூ கதிர், காய் நீண்டு தட்டையாக மஞ்சளாக இருக்கும். உடையின் சிற்றிலை மிகப் பொடி.

மஞ்சள் உருண்டைப் பூவும் மணிகோத்த காயும் என்றால் நம் நாட்டுக் கருவேலம். அதையும் விட்டுவிடுங்கள்.

பூ, காய் இல்லாத நேரத்தில் இறங்குவது

தள்ளிப்போடுங்கள்.

வெட்டும் மரத்துக்குப் பெயின்ட் அடிப்பது

விடும் மரத்துக்கு அடியுங்கள். பொக்லைன் ஓட்டுபவருக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

கதிர்ப்பூ என்றாலே சீமை என்பது

நம் நாட்டு வன்னி மரத்துக்கும் கதிர்ப்பூதான். சீமைக்கு முள் கணுவில் இரட்டையாக நிற்கும். வன்னிக்குக் கணுக்களுக்கு இடையே தண்டில் சிதறிக் கிடக்கும், காயும் மெலிந்து தொங்கும். கண்மாய்க் கரையிலோ கோயில் பக்கத்திலோ அப்படி ஒன்று நின்றால் பொக்லைனை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.