கண்ணீர் வழிகிறதா? கண் உலர்வாகவும் இருக்கலாம்

கண்ணில் நீர் வழிகிறது என்று போனால், “கண் காய்ந்திருக்கிறது” என்கிறார் மருத்துவர். கேலி செய்கிறாரோ என்றுதான் முதலில் தோன்றும். விஷயம் இதுதான்: கண்ணின் மேல் பரவியிருக்கும் நீருக்கு மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. இமை ஓரத்திலுள்ள மைபோமியன் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. அவை அடைபட்டால் நீர் சீக்கிரம் ஆவியாகிக் கண் உறுத்தும். உறுத்தியதும் கண்ணீர்ச் சுரப்பி கொட்டித் தீர்க்கும். அந்த நீர் கன்னத்தில் வழியுமே தவிர கண்ணில் தங்காது.

1. அடையாளம் காணுங்கள்

மணல் விழுந்தது போன்ற கரகரப்பு, எரிச்சல், நூல்போல் இழுபடும் பீளை, மாலையில் கூடும் களைப்பு. படிக்கும்போது எழுத்து மங்கி, இரண்டு முறை இமைத்ததும் தெளிகிறதா? கண் உலர்வைச் சந்தேகிக்கலாம். கண்ணாடி பவர் மாறியிருந்தால் இமைத்துத் தெளியாது. அரிப்பே பெரிய தொல்லை என்றால் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. முழுதாக இமையுங்கள்

வழக்கமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதிலும் பல அரை இமைப்புகள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்த்து, மேலிமையும் கீழிமையும் தொடும்படி பத்து முறை மெதுவாக மூடித் திறங்கள். திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மின்விசிறி, ஏசி காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம்.

3. வெந்நீர் ஒத்தடம்

பலரும் தவறவிடுவது இதைத்தான். அடைத்திருக்கும் எண்ணெய், உறைந்த நெய் மாதிரி. சூடு பட்டால்தான் இளகும். சுத்தமான துணியை 40 டிகிரி செல்சியஸ் அளவுள்ள வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். நான் முதல் வாரம் முழுவதும் ஆறிய துணியைத்தான் பக்தியோடு வைத்துக்கொண்டிருந்தேன்! திரும்பத் திரும்ப வெந்நீரில் நனைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த கையோடு, கழுவிய விரலால் மேலிமையை மேலிருந்து கீழாகவும், கீழிமையைக் கீழிருந்து மேலாகவும், அதாவது இமைமுடியை நோக்கி, மெல்ல நீவுங்கள். விழியை அழுத்த வேண்டாம். கடைசியாக இமை ஓரத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். தினமும் செய்தாலும் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

4. சொட்டு மருந்து

வேண்டியது செயற்கைக் கண்ணீர். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹையலூரோனேட் போன்ற பெயர்கள் லேபிளில் இருக்கும். நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பதனப்பொருள் (மருந்து கெடாமலிருக்கக் கலப்பது) சேர்க்காததை வாங்குங்கள். பதனப்பொருளே கண்ணை உறுத்தலாம். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு போதும், குப்பியின் நுனி கண்ணில் படக் கூடாது. சிவப்பை மட்டும் போக்கும் சொட்டுகள் வேண்டாம். நிறுத்தியதும் சிவப்பு திரும்பிவிடும். ஸ்டீராய்டு சொட்டுகளை மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம்: கண் அழுத்தம் ஏறலாம், புரை வரலாம்.

5. மருத்துவரிடம்

கடும் வலி, திடீர்ப் பார்வைக் குறைவு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம் இருந்தால் அன்றைக்கே போங்கள். மற்றபடி சில வாரங்களில் குறையாவிட்டால் போகலாம். இமைக்குள் காகிதப் பட்டை வைத்து 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் நீர்ச் சுரப்பே போதவில்லை. கூடவே வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் அதையும் சொல்லுங்கள், உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயாக இருக்கலாம். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள்; சளி, ஒவ்வாமை, மன அழுத்த மாத்திரைகள் சில கண்ணை உலர்த்தும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.