பிரைமரியில் பெரும்பான்மை கிடைக்காதபோது அமெரிக்கக் கட்சி மாநாட்டைக் கவனிப்பது எப்படி?

அமெரிக்கப் பிரைமரிகளில், அதாவது கட்சியின் வேட்பாளரை முடிவு செய்ய மாநிலந்தோறும் நடக்கும் முதல்கட்டத் தேர்தல்களில், மக்கள் போடும் வாக்கு, அதிபர் வேட்பாளரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தேசிய மாநாட்டுக்குச் செல்லும் பேராளர்களில் எத்தனை பேர் யாரை ஆதரிக்க வேண்டும் என்பதையே அது முடிவு செய்கிறது. அந்தப் பேராளர்களில் பாதிக்கு மேல் ஒருவருக்கும் சேராவிட்டால், முதலிடத்தில் இருப்பதால் மட்டும் வேட்பாளராகிவிட முடியாது.

எனவே முதலில் தேவையான எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். 2016இல் குடியரசுக் கட்சிக்கு மொத்தம் 2,472 பேராளர்கள், வெல்ல வேண்டியது 1,237. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீத வாக்கை எட்டியவர்களுக்கு விகிதப்படி பேராளர்களைப் பிரித்துக் கொடுப்பதால், வலுவான மூவர் கடைசிவரை களத்தில் நின்றாலே கணக்கு இழுபறியாகிவிடும்.

மாநாட்டு வாக்கெடுப்பின் முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் மீண்டும் வாக்கெடுப்பு நடக்கும். அந்த இரண்டாவது சுற்றில் யார் கைகள் அவிழ்கின்றன, அதாவது யார் தாம் விரும்பியவருக்கு வாக்களிக்கலாம் என்பதை அடுத்துப் பாருங்கள். 2018இல் ஜனநாயகக் கட்சி திருத்திய விதியின்படி, கட்சித் தலைவர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களுமான சூப்பர் டெலிகேட்டுகள் போட்டி நிலவும் முதல் சுற்றில் வாக்களிக்க முடியாது; இரண்டாம் சுற்றில் உள்ளே வருவார்கள். குடியரசுக் கட்சியில் கட்டுப்பாடு எப்போது நீங்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அதனால் பேராளர் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் மனதளவில் யாருடைய ஆள் என்பதே முக்கியமான கேள்வி. 2016இல் டிரம்பின் போட்டியாளரான டெட் குரூஸின் தரப்பு மாநில மாநாடுகளில் ஓசையில்லாமல் செய்தது, தன் ஆட்களைப் பேராளர்களாக்கும் இந்த வேலையைத்தான்; டிரம்ப் 1,237ஐத் தாண்டியதால் அந்த உழைப்பு பயன்படவில்லை.

மாநாட்டின் விதிகளை வகுக்கும், தொலைக்காட்சி பெரும்பாலும் காட்டாத விதிக்குழுவை, என் கருத்தில், மேடைப் பேச்சுகளைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 1976இல் கான்சாஸ் சிட்டியில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில், ரொனால்ட் ரீகன் தம் துணை அதிபர் வேட்பாளராக ரிச்சர்ட் ஷ்வைக்கரை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அவருடன் போட்டியிட்ட அன்றைய அதிபர் ஜெரால்ட் ஃபோர்டும் அப்படியே அறிவிக்க வேண்டும் என்று ஒரு விதித் திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். யாரை அறிவித்தாலும் ஃபோர்டின் ஆதரவாளர்களில் ஒரு பகுதி முகம் சுளிக்கும் என்பது கணக்கு. திருத்தம் தோற்றது, அடுத்து நடந்த வேட்பாளர் வாக்கெடுப்பில் ஃபோர்டுக்கு 1,187, ரீகனுக்கு 1,070. விதி மீதான வாக்கெடுப்பைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளித்திருக்காது.

சுற்றுகள் நீண்டால், ஒவ்வொரு சுற்றிலும் முன்னணியில் இருப்பவர் சில வாக்குகளாவது கூட்டுகிறாரா என்று பாருங்கள். தேங்கி நிற்பவரிடமிருந்து ஆதரவாளர்கள் நழுவத் தொடங்குவார்கள். 1924இல் நியூயார்க்கில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் முன்னணிப் போட்டியாளர்களான மக்காடூவும் ஆல் ஸ்மித்தும் ஒருவரை ஒருவர் தடுத்துக்கொள்ள, அகர வரிசையில் முதலில் அழைக்கப்படும் அலபாமா தன் 24 வாக்குகளும் தன் செனட்டர் அண்டர்வுட்டுக்கே என்று சுற்றுக்குச் சுற்று முழங்கியதை வானொலி நேயர்கள் மனப்பாடமாகவே சொன்னார்கள். மூன்றில் இரு பங்கு வேண்டும் என்ற அன்றைய விதியால் 103 சுற்றுகள் ஓடி, முதல் சுற்றில் வெறும் 31 வாக்கு பெற்ற ஜான் டேவிஸ் வேட்பாளரானார். அந்த விதி 1936இல் நீக்கப்பட்டது. கடைசியாக ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று தேவைப்பட்டது 1952இல். பெரும்பாலான பிரைமரிகளை வென்ற செனட்டர் கீஃபாவரை விட்டுவிட்டு, மூன்றாம் சுற்றில் அட்லாய் ஸ்டீவன்சனை ஜனநாயகக் கட்சி தேர்ந்தெடுத்தது.